ஆன்டெனா திருப்பும் நேரத்துப் பேச்சு

என் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டுப் பிரிந்துபோனார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிந்து போயிருந்தால்கூட நாலு பெரிய மனுசர்கள் வந்து உட்கார்ந்து பேசிச் சேர்த்து வைத்திருப்பார்கள். இவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா சமைத்தாள், அப்பா சாப்பிட்டார். அவர் தண்ணீர் பாய்ச்சினார், அவள் களை எடுத்தாள். பேச்சு மட்டும் கிடையாது.

எங்கள் வீடு எழுமலைக்கு வெளியே தோட்டத்துக்குள் தனியாக இருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை என்றால் மூன்றாவது ஆளின் பிழைப்பு நாய்ப் பிழைப்பு. "உங்கப்பாகிட்டச் சொல்லு, உரம் தீந்துபோச்சு." "உங்கம்மாகிட்டச் சொல்லு, எனக்கும் கண்ணு இருக்கு." நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தபால் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போதே வாய் நீளம். உங்கள் தபாலை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று ஒருநாள் கத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அதற்கும் அவர்கள் அசரவில்லை. ஜாடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜாடை பேச அம்மாவுக்குக் கோழி, அப்பாவுக்கு வேப்பமரம். "சோறு ஆறிப்போகுது, ஈ மொய்க்கிறதுக்கு முன்னாடி திங்கிறவுக திங்கலாம்" என்று அம்மா கோழியிடம் சொல்வாள். கோழி பாவம், கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். அப்பா மரத்தைப் பார்த்து, "மோட்டார் ரூம் சாவிய எங்க வச்சாங்கன்னே தெரியல" என்பார். அடுத்த நிமிடம் சாவி கட்டிலில் வந்து விழும். புதிதாக யாராவது பார்த்தால் ரெண்டு பேருக்கும் கழண்டுவிட்டது என்றுதான் நினைப்பான்.

நடந்தது இதுதான். அம்மாவின் பிறந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். அவளைப் பெற்றவள் இறந்துபோன அன்று, காலையிலேயே கேதம் சொல்ல ஓர் ஆள் வண்டியில் வந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிற வேலை. கூலிக்கு வந்த பெண்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கிடந்தது, ஒரு மழை விழுந்தால் அத்தனையும் அழுகிப்போகும். அப்பா அந்த ஆளை வரப்பிலேயே மறித்து, "நீங்க முன்னாடி போங்க, நான் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தோட்டத்தின் அந்தக் கோடியில் குனிந்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சுக்கூட விடவில்லை.

கடைசி மூட்டையைக் கட்டி ஏற்றிய பிறகுதான் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் உசிலம்பட்டி போய், பஸ் மாறி, அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. "காலையிலேயே ஆள் விட்டோமே" என்று மாமா சொன்னபோதுதான் அம்மாவுக்கு விஷயம் விளங்கியது. பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்காதவள் என்கிற பேரை எங்கள் பக்கம் ஒரு பெண் லேசில் தாங்கிக்கொள்ள மாட்டாள்.

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அவள் கேட்டால் சொல்லலாம் என்று அப்பா இருந்தார். அவராக வந்து சொல்லட்டும் என்று அம்மா இருந்தாள். ஒரு கேள்வி, ஒரு பதில், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்த ஒன்றுக்காக இரண்டு பேரும் தங்கள் ஆயுசில் பாதியைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது, எரிச்சல் அடங்கினால் அழுகை வருகிறது.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் கிடையாது. தோட்டத்து ஒற்றை வீட்டுக்காக யார் அவ்வளவு தூரம் கம்பி இழுப்பார்கள். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் நீள நீளக் குச்சிகளோடு ஒரு ஆன்டெனா. கொடைக்கானல் மலை உச்சியில் இருக்கும் டவரைப் பார்த்து அதை நிறுத்தி வைத்தால் அரசாங்க சேனல் வரும். கொஞ்சம் திரும்பிவிட்டாலும் படத்தில் புள்ளி அடிக்கும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் செய்தி வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழலும் உட்கார்ந்து செய்தி வாசிக்கும். ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று சும்மா அடிக்காது, ஆளையே தள்ளும். ஆன்டெனா தினமும் திரும்பிக்கொள்ளும்.

அதைச் சரிசெய்ய ஓர் ஆள் போதாது. ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் வாசலில் நின்று, உள்ளே இருக்கிற டிவியைப் பார்த்துப் பார்த்து மேலே குரல் கொடுக்க வேண்டும். மேலே அப்பா, கீழே நான். "வருதா?" "வரல." "இப்ப?" "வருது, வருது, போச்சு, பின்னாடி திருப்புங்க." இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அப்பா நான் சொல்கிறபடி கேட்கிற ஒரே வேலை அது.

நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பிறகு விளாங்குடிக்கு வாக்கப்பட்டுப் போனேன். கீழே நிற்க ஆள் இல்லை. அதை நான் யோசித்ததே இல்லை. அவர்கள் டிவி பார்க்கிறார்களா, இருட்டில் சுவரைப் பார்க்கிறார்களா என்றுகூடக் கேட்கவில்லை. கல்யாணமான முதல் ஆடிக்கு என்னை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். சாயங்காலம் உள் அறையில் படுத்திருந்தேன். வெளியே காற்று. மாடியில் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"வருதா?"

"வரல." அது அம்மாவின் குரல்.

"இப்ப?"

"இப்பயும் வரல. கெழக்க திருப்புங்க. இம்புட்டு வேணாம், கொஞ்சமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தேன். அம்மா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, புருசனிடம் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தாள். கோழி இல்லை, மரம் இல்லை. படம் வந்தது. அப்பா இறங்கி வந்தார். அவர் கால் தரையில் பட்டதும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கோழியிடம், "காப்பி வச்சிருக்கு" என்றாள்.

"என்னம்மா, அம்புட்டுப் பேச்சுப் பேசுற?" என்று சீண்டினேன்.

"டிவிக்காகச் சொன்னேன்டி. அவருக்காகவா சொன்னேன்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் இதை வேடிக்கை பார்ப்பதே எனக்கு வேலை. அந்தப் பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. அவர் மாடியில் இருக்கிற வரை பேசலாம், இறங்கிவிட்டால் பேசக்கூடாது. ஆன்டெனாவைப் பற்றி மட்டும்தான் பேசலாம். ஆனால் வருசம் போகப்போக ஆன்டெனாவோடு சேர்த்து வேறு சில பேச்சும் மேலே ஏற ஆரம்பித்தது. "அந்த ஓரமாப் போகாதீங்க, பாசி வழுக்கும்." "விடியக்காலம் அம்புட்டு இருமுனீங்களே, காத்துல ரொம்ப நேரம் நிக்க வேணாம்." மேலிருந்து அப்பா, "தென்ன மரத்துல ஒரு கொல முத்தியிருக்கு, இங்க நின்னாத் தெரியுது" என்பார். "நாளைக்கு ஆள் விட்டு வெட்டுங்க" என்று அம்மா. இடையில் ஒரு "வருதா", ஒரு "வரல" போட்டுக்கொண்டால் போதும், பேச்சு செல்லுபடியாகிவிடும்.

ஒருநாள் நான் மாடியில் துணி காயப்போடப் போனேன். குழாயைப் பிடித்து வைக்கிற கிளாம்பில் நட்டு இல்லை. அது அப்படியே ஓரமாகக் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. துருப்பிடித்து விழுந்த நட்டு இல்லை, ஸ்பேனர் போட்டுக் கழற்றி எடுத்து வைத்த நட்டு. காற்று இல்லாத மாசியில் எப்படி ஆன்டெனா திரும்புகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே வந்து அப்பாவைப் பார்த்தேன். மனிதர் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா மட்டும் என்ன, உத்தமியா? அன்று சாயங்காலமே பார்த்தேன். டிவியில் படம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக வந்துகொண்டிருக்கிறது. அம்மா வாசலில் நின்று அதைப் பார்க்கிறாள். மேலே இருந்து "வருதா?" என்கிறார். "வரல" என்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு. நான் உள்ளே கட்டிலில் இருப்பது அவளுக்கு மறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தவள் என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். கல்லுளிமங்கி. அந்த வயதில் என் அம்மா எவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் விவரம் தெரியாத மனிதர். "மாமா, ஒரு டிஷ் வாங்கி மாட்டிருவோம், நூறு சேனல் வரும்" என்று ஒரு தீபாவளிக்கு ஆரம்பித்தார். "வேணாம் மாப்ள" என்று அப்பா சொல்ல, அதே நேரம் அடுப்படியில் இருந்து "அதெல்லாம் வேணாம்" என்று அம்மா. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே வாயாகச் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மலை மேல் இருந்த டவரில் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலாக்கிவிட்டார்கள். எங்கள் டிவியில் வெறும் இரைச்சல். டீக்கடையில் அப்பாவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள், இனிமேல் பழைய ஆன்டெனாவில் தலைகீழாக நின்றாலும் படம் வராது, பாக்ஸ் வாங்கித்தான் வைக்கணும் என்று. தெரிந்தும் அவர் தினமும் மாடி ஏறினார். அம்மா போனில் என்னிடம், "நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் பாக்குறாருடி, வரவே மாட்டேங்குது" என்றாள். அந்தக் குரலில் வருத்தமே இல்லை. இல்லாத படத்துக்காக இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். விட்டிருந்தால் அப்படியே ஓட்டியிருப்பார்களோ என்னவோ. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, மாடிப்படி அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அம்மாவே என்னிடம், "அந்தப் பாக்ஸ வாங்கி மாட்டச் சொல்லு, அவரு ஏற வேணாம்" என்றாள்.

உசிலம்பட்டியில் இருந்து மெக்கானிக் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் ஓயாது. பழைய ஆன்டெனாவை இறக்கிவிட்டுக் குட்டியாக ஒன்றை மாட்டினார். குழாயின் அடியில் சிமென்ட் வைத்துப் பூசினார். கிளாம்பில் ஒன்றுக்கு இரண்டு நட்டுப் போட்டு முறுக்கினார். "இனிமே சூறாவளி வந்தாலும் அசையாதுண்ணே" என்றார்.

அம்மா பழக்கத்தில் வாசலில் வந்து நின்றுவிட்டாள். இடுப்பில் கை, தலை அண்ணாந்து. மெக்கானிக் மேலிருந்து பார்த்துச் சிரித்தார்.

"நீங்க உள்ள போங்கக்கா. கீழ ஆள் வேணாம். இந்த மீட்டர்லயே தெரிஞ்சுரும். சிக்னல் கெடச்சா அதுவே பீப்புன்னு கத்தும்."

சொன்னபடியே அது கத்தியது. அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். நான் அந்த ஆளை அடித்திருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார்.

படம் என்ன படம். பளிங்கு மாதிரி. புள்ளி இல்லை, நிழல் இல்லை, செய்தி வாசிக்கிறவரின் சட்டைப் பொத்தான் தெரிகிறது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன். விளம்பரம் வந்தது, போனது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேத வீட்டில்கூட அதைவிடச் சத்தம் இருக்கும்.

அப்பா சும்மா விடவில்லை. அடுத்த தடவை போனபோது அம்மா சொன்னாள், அவர் மூச்சு வாங்க வாங்க மேலே ஏறி, ஒரு நட்டை எப்படியோ தளர்த்திக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாராம். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாராம். அப்போதும் அப்படியே பளிங்கு. அதற்கு மேல் ஒரு மயிரிழை தள்ளியதும் மொத்தமாகப் போய்விட்டது, திரை நீலமாகிவிட்டது. மேலே இருந்து "வருதா" என்று கேட்டிருக்கிறார். அம்மா பதில் சொல்வதற்குள் மறுபடி வந்துவிட்டது, அவர் திருப்பியதாலா, பாக்ஸ் தானே தேடிப் பிடித்ததா, யாருக்குத் தெரியும். டிஜிட்டலில் இதுதான் சனியன். வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் அறவே வராது. வரும் வராது என்று நடுவில் இழுபறி கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் குடித்தனம் நடத்தியதே அந்த இழுபறியில்தான்.

"நீதான் பேசித் தொலையேன்மா" என்றேன். "ஏன் சொல்லலன்னு ஒரு வார்த்தை கேளு. முடிஞ்சு போச்சு."

"நான் எதுக்குக் கேக்கணும்? செஞ்சது அவரு. அவரு வாயால சொல்லட்டும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா போகட்டும்" என்றாள். அன்று கோழிக்குத் தவிடு வைக்கும்போதுகூட அவள் ஒன்றும் பேசவில்லை. ஜாடைப் பேச்சும் குறைந்துபோயிருந்தது.

அப்பாவை நெஞ்சு டாக்டரிடம் காட்ட விளாங்குடிக்குக் கூட்டிவந்தேன். சில நாள் எங்கள் வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு பால்கனியில் உட்கார்ந்து திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நான் கேட்டுவிட்டேன். அவரைப் பார்க்காமல், கீரையைப் பார்த்தே கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்ப்பா அம்மாகிட்டச் சொல்லல?"

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நம்ம ஊர்ல வெளியூர் ஆளுக எல்லாம் வந்து சேந்தாத்தான் எடுப்பாக, ஆத்தா. பெத்த மக வராம எடுப்பாகளா? மறுநாள் மத்தியானம்தான் எடுப்பாகன்னு இருந்தேன். வெங்காயத்த ஏத்திவிட்டுட்டுக் கூட்டிட்டுப் போனா ராத்திரி பூராம் அவ ஆத்தா பக்கத்துல ஒக்காந்திருப்பான்னு நெனச்சேன். அன்னைக்கு வெள்ளிக்கெழமைங்கிறது எனக்கு மறந்துபோச்சு."

சனிப் பொணம் தனிப் போகாது என்று ஊரே சொல்கிற சொல். சனிக்கிழமை ஒரு பிணம் போனால் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்று பயம். அதனால் வெள்ளிக்கிழமை சாவு விழுந்தால் மறுநாளைக்கு வைக்க மாட்டார்கள், அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வானத்தையும் மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கிழமை ஞாபகம் வரவில்லை. இத்தனை வருசமும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

"இத அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானப்பா."

"எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். கேக்கல."

"நான் சொல்லவா?"

"நீ சொல்லாத, தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் சொல்லணும். இந்தத் தடவ போனதும் சொல்லிர்றேன்."

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு தினமும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்பா ஏதாச்சும் சொன்னாரா?" "என்ன சொல்லணும்?" "சும்மா கேட்டேன்." மறுநாளும் இதே. அவர் அம்மாவையே பார்க்கிறாராம். அடுப்படி வரை வருகிறாராம், தண்ணீர் மோந்து குடித்துவிட்டுப் போய்விடுகிறாராம். "ஒடம்புக்கு என்னமும் செய்யுதா அவருக்கு, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள். டிவி ஓடுகிற சத்தம் போனில் கேட்டது, துளி இரைச்சல் இல்லாமல். மாடியில் நின்றிருந்தால் சொல்லியிருப்பார். "வருதா" என்று கேட்டுவிட்டு, அதற்கு அடுத்த பேச்சாக இதையும் இறக்கி வைத்திருப்பார். தரையில் நின்றுகொண்டு அம்மாவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.

ஒருநாள் காலை மோட்டார் ரூம் வாசலில் விழுந்து கிடந்தார். பக்கவாதம். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் இருந்தது, பார்வை இருந்தது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஆள் அடையாளம் தெரிகிறது, நாம் சொல்வதும் விளங்குகிறது, பேச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்க்கவில்லை, யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"அன்னைக்கு ஏங்க என்கிட்டச் சொல்லல?"

அப்பாவின் வாய் திறந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. தொண்டையில் இருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தை இல்லை. மறுபடி முயற்சி செய்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணில் இருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, வெள்ளிக்கிழமைங்கிறத மறந்துட்டாராம்மா. மறுநாள்தான் எடுப்பாங்கன்னு நெனச்சிருக்காரு. ராத்திரி பூராம் நீ அம்மாச்சி பக்கத்துல இருப்பேன்னு நெனச்சிருக்காரு. என்கிட்டச் சொன்னாரு."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "உங்கப்பாவுக்குக் கெழம ஞாபகம் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றில் இருந்து அந்த ஸ்டூலைவிட்டு அவள் நகரவில்லை. அவர் வாய் அசையும்போதெல்லாம் குனிந்து காதைக் கொடுத்தாள். "சொல்லுங்க" என்பாள். "மெல்லச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்." நர்ஸ் வந்து, "அவருக்குப் பேச வராதும்மா, சிரமப்படுத்தாதீங்க" என்று சொன்னால், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். நர்ஸ் போனதும் மறுபடி குனிந்துகொள்வாள். இத்தனை வருசத்துப் பேச்சையும் சேர்த்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் ஒருத்தியே பேசினாள். தோட்டத்தில் என்ன பயிர் வைக்கலாம், எந்த மாடு சினை, எல்லாம். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில நேரம் அவருடைய இடது கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எழுமலைக்குக் கொண்டுவந்து முன் அறையில் படுக்க வைத்தோம். கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் காலை, அம்மா பால் கொடுக்க உட்கார்ந்தபோது, அது கடைவாயில் வழிந்துவிட்டது. உள்ளே போகவில்லை.

நான் கத்தினேன். சொந்தக்காரர்கள் ஓடிவந்தார்கள். சித்தப்பா முறையில் ஒருவர் வெள்ளை வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பிறகு வாய்க்கட்டுப் போடத் தலைமாட்டுக்கு வந்தார். அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. அவர் துணியைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனபோது அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி."

சித்தப்பா துணியோடு நின்றார். வெளியே பந்தலுக்குக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"வெறச்சுப்போச்சுன்னா மூட முடியாது மதினி" என்றார் சித்தப்பா மெதுவாக.

அம்மா இன்னும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவர் கடைவாயில் இருந்த பாலைத் துடைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கட்டுங்க" என்றாள்.